வளையலுக்கு வரும் கெண்டை

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சாரல் காலத்துக் காலை. தென்காசியிலிருந்து கடையம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். சன்னலோரம் இருந்த இளையவள் சொன்னாள்: "மீனுக்குப் பயந்து பிள்ளை கை வளையலக் கழட்டி வச்சிட்டு வந்திருக்கேன்க்கா."

"மீனுக்கு என்னட்டி பயம்?" என்றாள் மூத்தவள்.

"புறவாசல் குளத்துல வாய்க்காத் தண்ணியோட வந்த கெண்டை கெடக்கு. நான் படியில நின்னு வளையலக் குலுக்குனா வந்து கையில இருந்து சோறு திங்கும். நாந்தான் பழக்குனேன்."

"அதுக்கென்ன?"

"இப்போ பிள்ளை குலுக்குனாலும் வருது. மூணு வயசுதான் ஆவுது. நேத்து தனியா கடைசிப் படியில உக்காந்து தண்ணிக்குள்ள கைய விட்டுட்டு இருக்கா. ஆள் ஆழம்க்கா."

"வீட்ல சொன்னியா?"

"சொல்லல. அத்தைக்குத் தெரிஞ்சா மண்ணக் கொட்டிக் குளத்தையே தூத்துருவாவ. வளையல சாமி படத்துக்கிட்ட வச்சிட்டேன். சத்தம் இல்லன்னா மீன் வராது, அவளும் அங்கன போமாட்டா."

மூத்தவள் சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைல்லாட்டி. பொம்பளப் பிள்ளைய வெறுங்கையா விடுவாளா உன் அத்தை? குளிப்பாட்டிப் பொட்டு வச்சதும் அந்த வளையலத்தான மொதல்ல எடுத்துப் போடுவா."

இளையவள் எழுந்துவிட்டாள். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்டக்டரிடம் போனாள்.

"அண்ணாச்சி, வண்டிய நிறுத்துங்க. நான் இலஞ்சிக்கு, வீட்டுக்குத் திரும்பிப் போவணும்."

பஸ் நிற்கும் வரை கம்பியைப் பிடித்திருந்த அவள் கையில் வளையல்கள் குலுங்கிக்கொண்டே இருந்தன.