கெட்டியுப்பு

அக்கா தன் நெற்றியைப் பார்க்கச் சொல்லிவிடக் கூடாதே, மாரியாத்தா. மூத்த ஓரகத்தி அத்தாயி சாயத்தொட்டிப் பக்கம் வருவதைக் கண்டதிலிருந்து குஞ்சம்மாளின் மனசு அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

— ஏம் புள்ள குஞ்சு, எம் பொட்டு குங்குமந்தானா பாரு. மையைக் கிய்யை அப்பிட்டு வந்துட்டனா?

— நல்லாத்தானுங்க இருக்குது அக்கா.

— நிமிந்து பார்க்காமயே சொல்ற. செரி, உடு. சேலத்து முதலாளி ஆள் அனுப்பியிருக்கறாரு. சீமையில சண்டை வந்ததுல செருமன் செவப்புச் சாயம் அறவே நின்னு போச்சாம். சாயத்தை நூல்ல கெட்டியாப் புடிச்சு வைக்கற உன்ற கெட்டியுப்புல முக்கின நூலு வெள்ளாவியில வச்சும் வெளுக்கலயாம். ஆடிக்குள்ள இன்னொரு ஊறல் போடோணுமாம்.

— உப்புக் காய்ச்சற கரட்டு வெள்ளக்கல்லு தீந்து போச்சுங்க.

— பொய் பேசாத. அடுப்படியில ஒரு கூடை கெடக்குது. சுட்டு நுணாவேர்த் தண்ணியில கரைக்க எத்தன நேரமாவும்?

— மொத ஊறல் போட்ட அன்னிக்கும் அப்படித்தான கரைச்சேன். எனக்குச் செவ்வாக்கெழம விரதம்னு, பதம் பார்க்க ஒரு சொட்டு உங்க நாக்குல உட்டேன்.

— பச்சத்தண்ணி பல்லுல படாத நாளு, நீ எப்படிப் பார்ப்ப? சாயக்காரி ஊட்டுல பதம் நாக்குலதான் பார்க்கோணும்.

— அந்த ஒரு சொட்டுல உங்க கண்ணுக்குச் செவப்பெல்லாம் சாம்பலாப் போயிருச்சுங்களே. கால்ல ஆணி கிழிச்சு ரத்தம் வடிய வடிய, தண்ணிய மிதிச்சுட்டேன்னு ஊடு பூராவும் நடந்தீங்க.

— நீதான் அழுதுட்டே தொடைச்சியே! அதை உடு. எங்கூட்டுக்காரருக்கு வெத்தல போட்டும் வாய் செவக்கலீன்னு நான் சுண்ணாம்பை அள்ளி அள்ளி வச்சு, மனுசன் நாக்கு வெந்து மூணு நாளு ஊமையாக் கெடந்தாரு. ஊடே நிம்மதியா இருந்துச்சு.

— சிரிக்காதீங்க அக்கா. நீங்க சிரிச்சா எனக்கு வயிறு எரியுது.

— பின்ன அழுகட்டுமா? ரெண்டு ஊட்டுத் தறியும் ஒட்டடை புடிச்சுக் கெடக்குது. இந்தவாட்டியும் நானே நக்கறேன். போன செவப்பு இன்னொருக்காப் போவப் போவுதா? பதம் என் நாக்கு சொல்லட்டும், நெறம் உன்ற கண்ணு சொல்லட்டும்.

— வேண்டாமுங்க.

— ஏம் புள்ள? கண்ணு நல்லா இருக்கறவளுக்கு என்ன கேடு?

— உங்களுக்குப் பண்ணினது பொறுக்காம முந்தாநேத்து, தொட்டியடியில மிச்சமிருந்ததை நானும் நாக்குல உட்டுக்கிட்டேனுங்க. உங்க பொட்டு எனக்கும் சாம்பலாத்தான் இருக்குது. வந்த ஆளுக்கு மோரு குடுத்து அனுப்பிருங்க அக்கா.