மோட்டாரை நிறுத்திட்டு இறங்கறது எப்படி

…பாடம் எடுக்கணுமாம் சார், நான். வர்ற ஞாயித்துக்கிழமை, மைதானத்துல, எங்க கிளப்புல புதுசா சேந்தவங்க எல்லாரையும் சுத்தி உக்கார வச்சு. என்ன பாடம் தெரியுமா? ஆபத்துல பதறாம இருக்கறது எப்படின்னு. கரப்பான் பூச்சியைப் பாத்தா நாற்காலி மேல ஏறி நிக்கற ஆளு நான். ஊர்ல வேற ஆளே கிடைக்கல பாருங்க. கொஞ்சம் குனிங்க… போதும், போதும், ரொம்பக் குனிஞ்சா முடி தெரியாது, முதுகுதான் தெரியும்.

ரிமோட் ஹெலிகாப்டர் சார். குழந்தைங்க வச்சு விளையாடறது இல்ல. நீளமே உங்க கை நீளம் இருக்கும். றெக்கை சுத்தறப்ப பக்கத்துல போனா விரல் விரலா இருக்காது. நாள் பூரா நின்னு நின்னு முடி வெட்டறவன் லீவு நாள்ல என்ன பண்ணுவான்? தூங்குவான். நான் பெரிய புத்திசாலி இல்லையா, ஹெலிகாப்டர் வாங்கினேன்.

வாங்கினமா, பறக்க விட்டமான்னு இருக்க விடுவாங்களா? கிளப்புல ஒருத்தர் இருக்கார். எல்லாரும் கேப்டன்னு கூப்பிடுவாங்க. கப்பலும் ஓட்டல, விமானமும் ஓட்டல, பேட்டரி கடை வச்சிருக்கார். ஆனா நடையைப் பாக்கணுமே, இப்பதான் போர் முடிஞ்சு இறங்கி வந்த மாதிரி. அவர் வச்ச சட்டம் என்னன்னா, யாரா இருந்தாலும் தனியா பறக்க விடணும்னா முதல்ல மோட்டாரை நிறுத்திட்டு இறக்கிக் காட்டணும். ஆட்டோரொட்டேஷன்னு அதுக்கு ஒரு பேரு. பேரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள வண்டி தரைக்கு வந்துடும்.

அதாவது சார், மேல நல்லா பறந்துட்டு இருக்கும். நல்லா பறக்கறது யாருக்குப் பிடிக்கும்? ஒரு சுவிட்சைத் தட்டி மோட்டாரை நிறுத்திடணும். வண்டி விழும். விழற வேகத்துல காத்து அடியிலேருந்து அடிச்சு, றெக்கை தானா சுத்திக்கிட்டே இருக்கும். தரைக்கு ஒரு ஆள் உயரம் வந்ததும் ரிமோட்ல இடது கைக் குச்சியை மேல தள்ளினா, அந்தச் சுத்துல இருக்கற பலம் வண்டியைத் தாங்கிப் பிடிக்கும். மெதுவா உக்காரும். ஒரே ஒரு தடவைதான் பிடிக்கும், அதுதான் விஷயம். பயந்து போய் வண்டி உயரத்துல இருக்கறப்பவே தள்ளிட்டீங்க, பலம் எல்லாம் அங்கயே தீந்துடும், அப்பறம் மூட்டை மாதிரி தொப்புனு விழும். தாமதம் பண்ணினா கேக்கவே வேணாம்.

நான் சீக்கிரம் தள்ற ஜாதி. ஒவ்வொரு தடவையும். வண்டிக்குக் கால் உடைஞ்சுது, வால் உடைஞ்சுது, றெக்கை பறந்து போய் கேப்டனோட நாற்காலிக்குப் பின்னால சொருகிக்கிச்சு. அவர் எந்திரிச்சு நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கிட்டார். அது இன்னும் கேவலமா இருந்துது.

வீட்டுக்காரம்மா ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கறவங்க. ஞாயித்துக்கிழமை என்கூட வந்து ஒரு மரத்தடியில உக்காந்து ஸ்வெட்டர் பின்னிட்டு இருப்பாங்க. நான் உடைப்பேன், அவங்க பின்னுவாங்க, அப்படியே போயிட்டிருந்துது. வீட்டுல கம்ப்யூட்டர்ல இதைப் பழகறதுக்கு ஒண்ணு இருக்கு, அதுல எவ்வளவு விழுந்தாலும் உடையாது. நான் அதைத் தொட மாட்டேன். அது பொம்மை விளையாட்டுன்னு சொல்லிட்டேன். அவங்க தினமும் வேலை முடிஞ்சு வந்து, அதுல உக்காந்து இறக்கி இறக்கிப் பழகியிருக்காங்க. நானும் பாத்துட்டுத்தான் இருந்தேன். சிரிச்சேன் கூட.

ஒரு நாள் கேப்டன், நீங்களும் ஒரு கை பாக்கறீங்களாம்மான்னு அவங்களைக் கேட்டார். மரியாதைக்குக் கேட்டார் சார், மரியாதைக்கு. இவங்க ஊசியை நூல் உருண்டையில குத்தி வச்சுட்டு எந்திரிச்சு வந்தாங்க. மேல கொண்டு போனாங்க, நிறுத்தினாங்க. விழறப்போ என்னமோ முணுமுணுக்கறாங்க. கிட்டப் போய்க் கேட்டா, எக்ஸ்ரே ரூம்ல சொல்ற அதே வசனம். மூச்சை இழுங்க… அப்படியே பிடிச்சுக்குங்க… பிடிச்சுக்குங்க… இப்ப விடுங்க. விடுங்கன்னு சொல்றப்போ குச்சியைத் தள்றாங்க. வண்டி வந்து புல்லு மேல பூ மாதிரி உக்காந்துது. என் வண்டி. நான் வாங்கின வண்டி. எனக்கு அடங்காதது அவங்களுக்கு நோயாளி மாதிரி மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வருது.

எனக்கு ரொம்ப சந்தோஷம் சார். அவ்வளவு சந்தோஷம், ஒரு வாரம் பேச்சே வரல. அவங்க சாப்பாட்டைப் போட்டுட்டு, உப்பு போதுமான்னு கேப்பாங்க, நான் தலையாட்டுவேன். போதலைன்னாலும் தலையாட்டுவேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமைதான் அந்தக் கூத்து. காதை மடக்கிப் பிடிங்க, ஆங். நான் வண்டியை மேல ஏத்தி அந்தரத்துல வச்சிருக்கேன். காத்து கொஞ்சம் இருந்துது. வண்டி மெல்ல மெல்ல நடைபாதைப் பக்கம் போயிட்டிருக்கு. அந்தப் பக்கம் ஒரு பொண்ணு, குழந்தையைத் தள்ளுவண்டியில வச்சுத் தள்ளிக்கிட்டு வருது. திடீர்னு சத்தம் நின்னுபோச்சு. மோட்டார் சத்தம் நின்னா மைதானத்துல குருவி கத்தறது கூடக் கேக்கும் சார். திரும்ப மோட்டாரைப் போடலாம்னா, அது மெதுவாத்தான் வேகம் எடுக்கும், அதுக்குள்ள வண்டி கீழ இருக்கும். என் கை மரக்கட்டை. கேப்டன் கத்தறார். அந்தப் பொண்ணு மேல பாத்துட்டு அப்படியே நிக்குது, ஓடக்கூடத் தெரியல.

பின்னால வீட்டுக்காரம்மா குரல். ரிமோட்டைப் பிடுங்கல சார், தோளைக்கூடத் தொடல. "வண்டி மூக்கைப் புல்லுப் பக்கம் திருப்புங்க"ன்னாங்க. திருப்பினேன். "மூச்சை இழுங்க. பிடிச்சுக்குங்க." எனக்கு இப்பவே தள்ளணும்னு இருக்கு. "பிடிச்சுக்குங்க"ன்னாங்க மறுபடியும், வரிசையில நிக்கற நோயாளிகிட்டச் சொல்ற மாதிரி, அவசரமே இல்லாம. "இப்ப விடுங்க." தள்ளினேன். புல்லு விளிம்புல, தள்ளுவண்டிக்கு நாலு எட்டு முன்னால, உக்காந்துது. கால் கூட வளையல.

அவ்வளவுதான், கை தட்டல் என்ன, முதுகுல தட்டல் என்ன. மோட்டார் செத்துப் போயும் மனுஷன் அசையலயேன்னு கேப்டன் என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டார். அந்தப் பொண்ணு வந்து கையைப் பிடிச்சுக்கிட்டு நன்றி சொல்லுது, நன்றி. குழந்தை தூங்கிட்டு இருந்துது. தனியா பறக்க விட அனுமதி அங்கயே கிடைச்சுது. கூடவே இந்தப் பாடமும் தலையில விழுந்துது.

மோட்டார் ஏன் நின்னுதுன்னு கேக்கறீங்களா? கேட்டுட்டீங்களே… பரவால்ல, நீங்க வெளியாள். அதுவா எங்க நின்னுது, நான்தான் நிறுத்தினேன். வீட்டுக்காரம்மா தண்ணி பாட்டில் எடுக்க, எனக்குப் பின்னால நிக்கற காருக்குப் போனாங்க. அவங்க திரும்பி வர்றப்போ கரெக்டா ஒண்ணு இறக்கிக் காட்டணும்னு எனக்கு ஆசை. அவங்க வர்றாங்களா, என்னைப் பாக்கறாங்களான்னு பின்னால திரும்பி அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு இருந்தேன். வண்டி எங்க போச்சுன்னு பாக்கல. பாக்காமயே சுவிட்சைத் தட்டிட்டேன்.

மூணாம் நாள் சாப்பிடறப்போ அவங்ககிட்ட மெல்ல ஆரம்பிச்சேன். பாதி கூடச் சொல்லல. "தெரியும்"னாங்க. எப்படித் தெரியும்னேன். "நாள் பூரா எலும்பைப் பாக்கறவளுக்கு உங்க கட்டை விரல் தெரியாதா? காருகிட்டேருந்து நடந்து வர்றப்பவே பாத்துட்டேன்." அப்ப ஏன் அங்கயே சொல்லலன்னு கேட்டேன். தட்டை எடுத்துக்கிட்டே சொல்றாங்க, "கல்யாணம் ஆனதுலேருந்து நான் சொல்லி நீங்க கேட்டது அது ஒண்ணுதான். அதைப் போய் ஏன் கெடுக்கணும்?"

நல்ல மனசு இல்ல? இருங்க, அதோட விடல. கேப்டன்கிட்டயும் அந்தப் பொண்ணுகிட்டயும் நீங்களே சொல்லணும், பாடம் எடுக்கறதுக்கு முன்னால சொல்லணும், நான் சொல்ல மாட்டேன்னுட்டாங்க. சொல்ற வரைக்கும் ரிமோட் அவங்க அலமாரியில. சாவி அவங்க இடுப்புல.

கேப்டன் சாயங்காலம் ஷேவிங்குக்கு வர்றார். யோசிச்சு வச்சிருக்கேன். முகம் முழுக்க நுரை போட்டுட்டு, தலையைப் பின்னால சாய்ச்சு விட்டுட்டு, அப்ப சொல்லிடப் போறேன். கழுத்துல கத்தி இருக்கறப்போ யாரும் கத்த மாட்டாங்க சார்.

நீங்க ஏன் எந்திரிக்கறீங்க? உக்காருங்க… சார், இன்னும் ஒரு பக்கம் அப்படியே இருக்கு… சார்…