புத்தகம் இல்லாத தலைப்பு

அவிநாசி பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு கல்லூரி மாணவிகள்.

"இங்கிலாந்துல இருக்கற லங்காஷயர் மில்லைப் பத்தி எழுதோணுமாம் புள்ள," என்றாள் ஜன்னலோரத்துக்காரி. பி.ஏ. கடைசி வருட ஆய்வுக் கட்டுரையைத்தான் சொன்னாள். நான் பத்திரிகையை மடித்துவிட்டேன்.

"நீ பனியன்ல தொங்கற நூல் பிசிறு வெட்டறவங்களைப் பத்தின்னியே?"

"அதுக்குப் புத்தகமே இல்லை, ஆதாரம் எங்கேங்கறாரு புரொபசர். அவரு போட்டிருக்கற பனியனே எங்க ஊட்டுல பிசிறு வெட்டுனதா இருக்கும்."

"உங்கம்மாளையே கேட்டு எழுதலாமே?"

"அம்மா சொன்னா ஆதாரமில்லையாம். அதையே வெள்ளைக்காரன் வந்து கேட்டு எழுதுனா ஆதாரமாம். நான் தலைப்பை மாத்தமாட்டேன்."

"பெயிலாக்கிப் போடுவாரு."

"ஆக்கட்டும். அதுக்காச்சும் அவரு மொதல்ல நான் எழுதுனதைப் படிக்கோணுமில்ல."