இடது அலமாரி, வலது அலமாரி

— முதல்ல கவுன்சிலரைப் பாருங்க மேம் டெல்மா. அப்புறம் பையை இறக்கி வைக்கலாம்.

— சுண்டெலிக்கு அந்தப் பேரை வைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது, குயா நெஸ்டோர்? அண்ணன்னு கூப்பிடறவ கெஞ்சினாலும் கேக்க மாட்டீங்களா? யார் காதுலயாவது விழுந்தா உங்க வேலையும் போகும், என் வேலையும் போகும்.

— உக்காந்த இடத்துலயே தின்னு கொழுத்தவனுக்கு வேற என்ன பேரு வைக்கறது? இப்பப் பாருங்க, ஐயாவுக்கு இடுப்பே தெரியுது! நாலு நாள் லீவு. இந்த ஆராய்ச்சிக் கூடத்துல நானும் எலிங்களும்தான். பெரிய வெள்ளி அன்னிக்குக்கூட வந்து தீனி போட்டேன்.

— சர்க்கரை எவ்வளவு?

— நூத்தி முப்பது. பன்னிக்கொழுப்புத் தீனி தின்னப்போ முந்நூறு! வெறும் தீனிக்கு மாத்தி ஆறு வாரந்தான் ஆச்சு. இடது அலமாரி முழுக்க இப்படித்தான் இறங்கியிருக்கு, சத்தியமா.

— அடேயப்பா! அப்பன் பாட்டன் கிட்டேர்ந்து வந்த நோயைக்கூட சாப்பாடு அடக்கிடுச்சு பாத்தீங்களா?

— நீங்கதான் சொன்னீங்களே மேம், பள்ளிக்கூடப் பிள்ளைங்க வந்த அன்னிக்கு. நான் துடைப்பத்தோட வாசல்ல நின்னு கேட்டேன். ரத்தத்துல விதை இருந்தாலும் வாய்தான் தண்ணி ஊத்தி முளைக்க வைக்குதுன்னு.

— துடைப்பத்தோட நின்னவர்தான் ஒழுங்கா கேட்டிருக்கார். பிள்ளைங்க எல்லாம் போன்ல படம் எடுத்துட்டிருந்துச்சுங்க. சரி, வலது அலமாரி?

— மூணாம் நம்பர் போயிடுச்சு. சனிக்கிழமை.

— ஊசி போடாத கூண்டு. நிறையத் தண்ணி குடிச்சுதா?

— புட்டி புட்டியா. அப்புறம் சுருண்டு படுத்துடுச்சு. கூண்டைத் திறந்தா ஒரு இனிப்பு நாத்தம் மேம், கனிஞ்ச பலாப்பழம் மாதிரி.

— அந்த வாசனை வந்துட்டா அப்புறம் மணிக்கணக்குதான். பாவம். சரி, இந்தாங்க, ஊர்லேர்ந்து கொண்டு வந்த குய்மராஸ் மாம்பழம். உங்களுக்கு மூணு. உங்க பொண்ணு மயூமிக்கு ஒரே ஒரு கீத்து. இன்சுலின் ஊசி அளவைப் பாத்துக் குடுங்க.

— ஊசியா? அந்த நல்ல சேதியைக் கடைசியா சொல்லலாம்னு வெச்சிருந்தேன். இனிமே எம்பொண்ணுக்கு ஊசியே கிடையாது!

— என்ன சொல்றீங்க?

— வியாழக்கிழமை பாதியாக்கினேன். சனிக்கிழமை அடியோட நிறுத்திட்டேன். எல்லாம் கவுன்சிலர் வழிதான். சோறு கிடையாது, இனிப்பு கிடையாது, கீரையும் மீனும் மட்டும். புனித வாரம், வீடே விரதம், அவளுக்கும் பெருசா தெரியல. ரெண்டு தொடையும் கட்டி கட்டியா கிடக்கு மேம். ஒன்பது வயசுப் பிள்ளை, "அப்பா, உன் எலிக்கும் தினம் ஊசி போடுவியா"ன்னு கேக்குது. கவுன்சிலருக்கு வேண்டாத ஊசி எம்மகளுக்கு எதுக்கு? ஹாங்காங்ல இருக்கிற அவ அம்மாகிட்ட நேத்து போன்ல சொன்னேன். சந்தோஷத்துல அழுதுட்டா.

— கடவுளே. குயா... மயூமி கவுன்சிலர் இல்ல. அவ வலது அலமாரி.

— வலதுன்னா? ரெண்டும் சர்க்கரைதானே? ஆஸ்பத்திரி அட்டையில அதே பேருதானே போட்டிருக்கு?

— பேருதான் ஒண்ணு. கவுன்சிலர் உடம்புல இன்சுலின் ஊறுது, கொழுப்பைத் தின்னு தின்னு அதைக் கெடுத்து வெச்சிருந்தான். வலது அலமாரி எலிங்களுக்கு அது ஊறவே ஊறாது. என்ன தீனி போட்டாலும், பட்டினி போட்டாலும், ஊசி இல்லைன்னா உசிரு இல்ல. நாலு வயசுலேர்ந்து மயூமிக்கு அதான்.

— அன்னிக்கு இதைச் சொல்லலையே மேம்.

— சொல்லல... பிள்ளைங்களுக்குக் குழம்பும்னு விட்டுட்டேன். இப்ப எப்படி இருக்கா?

— நல்லாத்தான்... தூங்குறா. நேத்து ஈஸ்டர் ஊர்வலத்துல அவதான் தேவதை. சிறகு கட்டி மேடையில ஏத்தினோம். மாதா முகத்துத் துக்கத் திரையை அவ தூக்கறதுக்குள்ள வாந்தி எடுத்துட்டா. வெயில்னு சொன்னாங்க. விடியறதுக்கு முன்னாடி வெயில் ஏது மேம்? அப்புறம் நாள் முழுக்கத் தண்ணி, தண்ணின்னுதான்.

— வீட்ல யார் இருக்கா?

— என் தங்கச்சி.

— போனைப் போடுங்க! பிள்ளையைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொல்லுங்க. நான் வண்டியை எடுக்கறேன். குயா! ஏன் அப்படியே நிக்கிறீங்க?

— காலையில கிளம்பறப்ப நெத்தியில முத்தம் குடுத்தேன் மேம். வாயில பலாப்பழ வாசனை. எனக்குத் தெரியாம யாரோ குடுத்திருக்காங்க, இவளும் தின்னிருக்கான்னு, தூங்குற பிள்ளையைத் திட்டிட்டு வந்தேன்.