நாக்கில் அடித்த ஊர்

பரீட்சைக்கு முதல் நாள் புத்தகத்தைத் தொடக் கூடாது, பிள்ளை. சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் யார் வந்தாலும் நான் முதலில் சொல்லும் புத்தி அதுதான்.

நீங்கள் ஹற்றனிலிருந்து ரயிலேறி வெள்ளவத்தைக்கு வந்தது அதைக் கேட்பதற்கு மட்டுமல்ல என்று தெரியும். வந்ததும் வராததுமாக, “எங்கண்ணனுக்கு அந்தப் பேச்ச யாருங்க பழக்குனது?” என்று கேட்டீர்கள். தேத்தண்ணியைக் குடியுங்கள். நான் சட்டத்தரணி. கேட்ட கேள்விக்கு நேரே பதில் சொல்வேன். நான்தான் பழக்கினேன்.

தொண்ணூற்றாறில் உங்கள் அண்ணன் இருளப்பனும் நானும் இந்தத் தெருவிலேயே ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். பரீட்சை அவனுக்கு முதல் தடவை, எனக்குக் கடைசி. ஏற்கெனவே இரண்டு முறை தவறியிருந்தேன். யாழ்ப்பாணத்தில் என் அப்பாவும் அவருடைய அப்பாவும் கறுப்புக் கோட்டுப் போட்டவர்கள். இந்த முறையும் தவறினால் மாமாவின் கொட்டாஞ்சேனைக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டியதுதான்.

சேர்ந்து படித்தோம். பழைய வினாத்தாளை எடுத்து, மணிக்கூட்டைப் பார்த்து எழுதுவோம். ஒருவருக்கு விளங்கியதை மற்றவருக்குச் சொல்லிக் கொடுப்போம். பெரும்பாலும் சொல்லிக் கொடுத்தவன் அவன்தான். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவனிடம் நான் பாடம் கேட்டேன். அது தொண்டையில் முள்ளாகத்தான் இருந்தது. மறைக்க மாட்டேன்.

அவனுக்கு ஒரே ஒரு குறை. ரியூஷனில் எழுந்து, “ஆமாங்க சார், தெரியுங்க சார்” என்பான். எங்கள் யாழ்ப்பாணத்துப் பொடியன்கள் சிரிப்பார்கள். அவனுக்கு உடனே வியர்த்துவிடும், தெரிந்த விடையும் மறந்துபோகும்.

“அண்ணே, ஒங்க மாதிரி பேச எனக்கும் பழக்கி விடுங்கண்ணே” என்று கெஞ்சினான்.

முதலில் மறுத்தேன். பிறகு சம்மதித்தேன். ஆமாங்க என்பதற்கு ஓம். வந்தேங்க என்பதற்கு வந்தனான். தமிழ் நாப்பழக்கம் என்று சும்மாவா சொன்னார்கள்? கெட்டிக்காரன், மளமளவென்று பிடித்துக்கொண்டான். பதற்றத்துக்கும் ஒரு வழி சொன்னேன்: “பயம் வந்தால் வாய் பழைய பேச்சுக்கு ஓடப் பாக்கும், விடாதை. மூச்சை இழுத்து விட்டுப்போட்டு, நான் பழக்கின மாதிரி ஆறுதலாக் கதை.” உங்களுக்கும் அதையே சொல்வேன், அது நல்ல முறை.

வகுப்பில் சிரிப்பு நின்றது. மாதிரிப் பரீட்சையில் அவன் முதலாவதாக வந்தான். அந்தச் சந்தோஷத்தில் தோட்டத்துக் கடைக்குப் போன் எடுத்தான். உங்கள் அம்மா, “யாருங்க பேசுறது?” என்று கேட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஏன் சம்மதித்தேன் என்பதை விட்டுவிட்டேன். கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் அப்போது ஒரு சோதனைச் சாவடி இருந்தது. அங்கே மக்கீன் என்றொரு பொலிஸ் சார்ஜன்ட், தமிழ் பேசுகிறவர். ஒருநாள் எங்கள் இருவரையும் மறித்தார். இருளப்பன், “ஹற்றன்லேருந்து வந்திருக்கேங்க” என்றதும், “போ மகன்” என்று விட்டுவிட்டார். நான் வாயைத் திறந்ததும் வெயிலில் நிறுத்திவைத்தார்; யாழ்ப்பாணப் பேச்சு என்றாலே புலியோ என்று பார்த்த காலம். போகிற வருகிறவர்களெல்லாம் என்னைப் பார்த்தார்கள். கடைசியில் என் அடையாள அட்டையைத் திருப்பித் தந்தபோது சொன்னார்: “ஐசியில எந்த ஊரயும் அடிச்சிக்கலாம். நாக்குல அடிக்க ஏலாது.”

அன்று மாலையே பாடத்தைத் தொடங்கினேன்.

பரீட்சைக்கு முதல் நாள் அவன் ஒரே பக்கத்தையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தான். புத்தகத்தை மூடச் சொன்னேன். “கடற்கரைப் பக்கம் நடந்துபோட்டு வா, எல்லாம் சரியாகும்” என்றேன். எந்த ஒழுங்கையால் போவது என்றும் நானே சொன்னேன்.

மக்கீன் மறித்ததும் அவன் பயந்திருக்கிறான். மூச்சை இழுத்து விட்டிருக்கிறான். பிறகு, “ஓம் ஐயா, நான் ஹற்றனிலை இருந்து வந்தனான்” என்று ஆறுதலாகச் சொல்லியிருக்கிறான். முன்பு “ங்க” போட்டுப் பேசிய முகம் மக்கீனுக்கு மறக்கவில்லை. இதில் எது நடிப்பு என்றுதான் அவர் கேட்டாராம். பயம் கூடக் கூட இருளப்பன் நான் பழக்கியபடியே பேசியிருக்கிறான். பாடத்தை அவ்வளவு ஒழுங்காகப் படித்தவன்.

ஒரே அறைக்காரன் என்று என்னையும் பொலிசுக்குக் கூப்பிட்டார்கள். உங்கள் அண்ணன் சுவரோரம் வாங்கில் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. “அண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே” என்றான். அப்போதுதான் அவனுக்குப் பழைய பேச்சு திரும்பி வந்தது, ஆனால் அதை இனி யார் நம்புவார்கள்?

“இவன் எந்த ஊரு?” என்று மக்கீன் கேட்டார்.

“ஹற்றன் எண்டு சொல்லித்தான் வந்தவன் ஐயா. அதுக்கு மேலை எனக்குத் தெரியாது.”

அதில் பொய் என்று எந்தச் சொல்லையும் காட்ட முடியாது. பரீட்சை முடியும்வரை வைத்திருந்துவிட்டு விட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். வேறொரு ஜீப் வந்து அவனை ஏற்றிப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். எங்கே என்று இந்த ஐந்து வருடத்தில் உங்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மறுநாள் நான் பரீட்சைக்குப் போனேன். சித்தியடைந்தேன்.

சட்டத்தில் இதற்கென்று ஒரு பிரிவு கிடையாது, தேடிப் பார்த்துவிட்டேன். கேட்டவனுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தேன், கேட்ட பொலிசுக்கு உள்ளதைச் சொன்னேன். இடையில் நடந்ததற்கெல்லாம் காலம்தான் பொறுப்பு.

தேத்தண்ணி ஆறிப்போய்விட்டது, வேறு போடச் சொல்கிறேன். நீங்களும் இந்த வருடம் பரீட்சை எழுதுவதாகச் சொன்னீர்கள். அண்ணனின் மூளை உங்களுக்கும் இருக்கும். ஆனால் வாயைத் திறந்தால் “ங்க” வருகிறது, பிள்ளை. வகுப்பில் சிரிப்பார்கள். விருப்பமென்றால் பின்னேரங்களில் வாருங்கள், பழக்கி விடுகிறேன்.