முடிச்சுப் போடாத நூல்

டோல்கேட் தாண்டியதும் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் பஸ் நின்றுவிட்டது. எனக்கு முன் இருக்கையில் இருந்த அம்மாள் பையிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து, காலரின் உள்பக்கம் சிவப்பு நூலால் எண் தைக்க ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்தவள் அவரோடு வேலை செய்பவள் போல; அவள்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

“இன்னாக்கா, பஸ்லயே தச்சிகினு கீற?”

“பையன் சர்ச் சாமியாருக்குப் படிக்கப் போறேன்றான். குருமடத்துல எல்லாத் துணியும் ஒண்ணா தொவைப்பாங்களாம். நம்பர் போட்டு அனுப்பச் சொல்லிக்கிறாங்க.”

“ஒரே புள்ளையாச்சே! அவங்கப்பா இன்னா சொல்லுது?”

“இன்னா சொல்லும்? சோத்துல கைய வெச்சுகினு சும்மா குந்திகினு கீது.”

“நீ?”

“போய்ப் பாரு, புடிக்கலன்னா வந்துருன்னேன். அதுக்குள்ள நாத்தனார் கோயில் பூரா சொல்லிட்டா. பாதில வந்தா ஊரே சிரிக்கும்னு அவனுக்கு இப்பவே பேஜாரு.”

லாரிகள் நகர்ந்தன. அவர் களைப்போடு சட்டையை மடித்தார்.

“அக்கா, நூல் தொங்குது பாரு. முடிச்சு போடல?”

“எந்தச் சட்டைக்கும் போடல. அவன்கிட்டயும் சொல்லிட்டேன். வரணும்னு தோணிச்சுன்னா, நூல உருவிப் போட்டுட்டு, உன் சட்டைய மாட்டிகினு வூட்டுக்கு வந்துருடான்னு.”