ஆய்வுக்கு நான் தேர்ந்த நாள்

ஒரு பள்ளிக்கூடத்தைத் திறக்கவிடாமல் தடுத்தவன் நான். கட்டட வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக மைசூரில் ஒரு டீச்சர் தொடங்கவிருந்த பள்ளி அது. கல்வி அலுவலகத்தில் எல்லார் முன்னாலும் அவர் என்னை எதிர்த்துப் பேசியிருந்தார். அந்தக் கோபத்தில், அந்தக் குடும்பங்கள் ஊருக்குப் போய்விடும் ஆடிப் பதினெட்டன்று ஆய்வுக்குப் போய், மாணவர் எவரும் இல்லை என்று எழுதினேன்.

ஓய்வுபெற்ற பிறகு, நஞ்சன்கூட்டிலிருந்து வரும் பஸ்ஸில் முன் இருக்கையில் அதே குரல் கேட்டது.

"இந்த வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு ஒருத்தரும் ஊருக்குப் போகக் கூடாது."

பக்கத்திலிருந்த சித்தாள் பெண் சிரித்தாள். "நல்லாருக்குதுங்க டீச்சர்! நோம்பிக்குப் போகலீன்னா என்ற மாமியா சும்மா உடுமா?"

"மாமியார்கிட்ட நான் பேசறேன். மறுபடியும் ஆபீசர் அன்னிக்கே வந்துட்டா?"

"அந்தாளு வேணும்னேதானுங்க வந்திருப்பான்."

"சே, இல்லம்மா. கன்னடக்காரருதானே? நம்ம நோம்பி அவருக்கு எப்படித் தெரியும்? பாவம்."

அவரிடம் நான் கன்னடத்தில் மட்டுமே பேசியிருந்தேன். அந்த ஆடிப் பதினெட்டுக்கு எங்கள் வீட்டிலும் தேங்காய்ச் சாதம் கிளறியிருந்தார்கள்.

மறுநாள் உண்மையை எழுதிக் கையெழுத்திட்டு அலுவலகத்துக்கு அனுப்பினேன். டீச்சருக்கும் ஒரு நகல். வேறு அதிகாரி போய்ப் பார்த்தார். அனுமதி கிடைத்தது.

பிறகொரு நாள் அக்ரஹாரக் கடைத்தெருவில் டீச்சர் எதிரே வந்தார். நான் தமிழில் வணக்கம் சொன்னேன். அவர், "நமஸ்கார சார்" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு நடந்தார்.